படுதோல்விக்கும் பலத்த விழுதலுக்கும் உரிய ஆங்கிலப் பேச்சுச் சொற்கள்

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். ‘ஃப்ளாப்’, ‘பாம்’, ‘டேங்க்’, ‘கம் எ க்ராப்பர்’ போன்றவற்றைச் செய்தித்தாள்களில் படித்துவிட்டு மாணவர்கள் பொருள் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ‘படுதோல்வி’ என்று சொல்லிக் கடந்துபோக மனம் ஒப்பவில்லை. இவற்றுள் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதலாமா?

பதில் 1:
எழுத முடியாது, ஐயா. ‘கம் எ க்ராப்பர்’ பிரிட்டனில் வழங்குவது; பத்தொன்பதாம் நூற்றாண்டில் குதிரையிலிருந்து பலமாக விழுவதைக் குறித்து, பின்னர் முயற்சி கவிழ்வதற்கும் பரவியது. ஈரச் சாலையின் வளைவில் மிதிவண்டியோடு குப்புற விழுந்தவரையும், பெரும் நம்பிக்கையோடு தொழிலில் இறங்கி நொடித்துப்போனவரையும் அந்த ஒரே தொடரால் சொல்லலாம். நம்முடைய ‘மண்ணைக் கவ்வினார்’ இதற்கு மிக அருகில் நிற்கிறது.

பதில் 2:
‘ஃப்ளாப்’ பெரும்பாலும் மக்கள்முன் வைக்கப்பட்ட படைப்புக்கோ பொருளுக்கோ உரியது. ஃபோர்டு நிறுவனம் 1957இல் பெரும் விளம்பரத்தோடு வெளியிட்டு, விற்பனையாகாமல் 1959இல் நிறுத்திய எட்செல் கார் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. தேர்வில் தோற்ற மாணவரைப் பற்றிப் பேசும்போது அமெரிக்கர்கள் ‘ஃப்ளங்க்’ என்பார்கள். மிகவும் கவனமாகக் கற்பிக்க வேண்டியது ‘பாம்’ என்றே கருதுகிறேன்: அமெரிக்காவில் ஒரு நாடகம் ‘பாம்ட்’ என்றால் படுதோல்வி, பிரிட்டனிலோ ‘வென்ட் லைக் எ பாம்’ என்றால் அமோக வெற்றி.

பதில் 3:
‘டேங்க்’ பற்றிச் சேர்க்க விரும்புகிறேன். பங்கு விலை ‘டேங்க்’ ஆனது என்றால் சரிந்தது என்று மட்டுமே பொருள். டென்னிஸ் ஆட்டக்காரர் ‘டேங்க்’ செய்தார் என்றால், வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார் என்ற குற்றச்சாட்டு அதில் அடங்கியிருக்கிறது. 2016 ஷாங்காய் போட்டியில் முயன்று ஆடவில்லை என்று நிக் கிர்கியோசுக்கு அபராதமும் தடையும் விதிக்கப்பட்டபோது இச்சொல் செய்திகளில் அடிக்கடி வந்தது. ஆகவே விளையாட்டு வீரரைப் பற்றி இதை எழுதும் முன் மாணவர்கள் யோசிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பொதுத்தேர்வு விடைத்தாளில் இவற்றை எழுத அனுமதிக்கலாமா?

பதில் 2 எழுதியவர்:
கதையிலோ உரையாடலிலோ எழுதட்டும். கட்டுரையிலும் அலுவல் கடிதத்திலும் ‘ஃபெயில்’, ‘ஃபால் ஹெவிலி’ என்று நேராக எழுதுவதே பொருந்தும்.