'பங்களா' என்று எழுதினால் பாட்டி பணக்காரி ஆகிவிடுகிறார்: ஒரு சொல் வேண்டும்

ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்க்கிறேன், ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டேன். கதை 1970களில், இங்கிலாந்தின் கெண்ட் கடற்கரையில் நடக்கிறது. முழங்கால் வலியால் படியேற முடியாத ஓய்வுபெற்ற நர்ஸ், பழைய வீட்டை விற்றுவிட்டு ஒரு 'பங்களோ'வுக்குக் குடிபோகிறார். இரண்டு படுக்கையறை, சின்ன சமையலறை, அவ்வளவுதான். 'பங்களா' என்று போட்டேன். படித்த அக்கா கேட்டாள்: "வாட்ச்மேன் எங்கேடா?"

வேரையும் தேடிப் பார்த்தேன். வங்காளத்துக் கூரைவீடு என்ற பொருளில் வந்த பெயர். 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வாயில் ஏறியது. 1870 வாக்கில் இதே கெண்ட் கடற்கரையில் விடுமுறை வீடுகளுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். அங்கே மாடி இல்லாத வீடு என்று நிலைத்துவிட்டது. நமக்கோ துரைமார் இருந்த மாளிகை. சிங்கப்பூரில் இரண்டு மாடி இருந்தாலும் பங்களாதானாம்! சுவாரசியம்தான், என் வரிக்கு உதவவில்லை.

'தனி வீடு' போட்டால் மாடி இருக்கலாம். 'ஓட்டு வீடு' கெண்டைத் தூக்கித் தஞ்சாவூரில் வைக்கிறது. 'ஒற்றைத்தள இல்லம்' விண்ணப்பப் படிவம் மாதிரி இருக்கிறது. 'பங்களோ' என்றே விட்டு அடிக்குறிப்பு போடலாமா என்றால், இதழாசிரியர் அடிக்குறிப்பே கூடாது என்கிறார். 'மாடியில்லா வீடு' ஓரளவு சரி, ஆனால் சொல் பதினான்கு இடத்தில் வருகிறது, பாட்டி பேச்சிலும் வருகிறது. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

பாட்டி வாயில் இயல்பாக வரக்கூடிய, மாடி கிடையாது என்பதும் தெரிகிற ஒரு சொல் உங்கள் ஊர்ப் பேச்சில் உண்டா?