மாடியில் இரும்புப் பெட்டகம் வைக்கலாமா?

வணக்கம். கும்பகோணத்தில் கடையை மூடிவிட்டதால், அப்பாவின் பழைய இரும்புப் பெட்டகத்தை வீட்டு மாடியில் வைக்க வேண்டியிருக்கிறது. எடை சுமார் 500 கிலோ, அடிப்பாகம் இரண்டடிக்கு இரண்டடி. சாதாரண வீட்டுத் தளத்துக்கே சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் என்றுதான் கட்டடப் பாரங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சொல்கிறது. எங்களுடையது மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகள் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து போட்டது. ஒரு கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில் விரலால் அழுத்தினால் மாவாக உதிர்கிறது.

சுவரோரமாக, கட்டைகளுக்குக் குறுக்கே இரும்பு சேனல் போட்டால் பாரம் பரவிவிடும் என்கிறார் மேஸ்திரி. சரி, உளுத்த கட்டை தாங்குமா? கீழே அம்மா படுக்கும் அறை, அதுதான் பயம்.

பழைய வீடுகளைப் பார்த்த பொறியாளர்கள் யாராவது வழி சொல்லுங்கள். நேரில் வந்து பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது, கட்டணம் கொடுத்துவிடுகிறோம்.