சோலார், பேட்டரி, எலக்ட்ரிக் கார்: எதை முதலில் போடுவது?

சிங்காநல்லூர்வாசி:
வணக்கம். கோவையில் சொந்த வீடு, மாடியோடு சேர்த்து இரண்டு தளம், த்ரீ ஃபேஸ் லைன். இரண்டு மாதத்துக்குச் சராசரியாக 700 யூனிட் ஓடுகிறது. தை பிறந்ததும் எலக்ட்ரிக் கார் எடுப்பதாக முடிவாகிவிட்டது, மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும். சோலார் போட வந்த ஒருவர் 3 கிலோவாட் போதும் என்கிறார். இன்னொருவர் 5 கிலோவாட் ஹைப்ரிட் (இபி லைனோடும் பேட்டரியோடும் ஓடும் வகை), கூடவே 10 யூனிட் லித்தியம் பேட்டரி, "ராத்திரி காரையும் அதிலேயே சார்ஜ் போட்டுக்கலாம் சார், இபி பில்லே வராது" என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, விலையைச் சொன்னபோதுதான் தலை சுற்றியது. டியூபுலர் பேட்டரியோடு பழைய இன்வெர்ட்டர் ஒன்று ஏற்கெனவே ஓடுகிறது. என்ன செய்யலாம்?

மொட்டைமாடி:
இரண்டாமவர் பேச்சை ஓரமாக வையுங்கள். கார் ஒரு யூனிட்டுக்கு சுமார் 7 கிலோமீட்டர் போகும், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் மாதம் 160 யூனிட் என்று வையுங்கள். ஆக இரண்டு மாதத்துக்கு வீடும் காருமாக ஆயிரத்துச் சொச்சம். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். அப்படிப் பார்த்தால் இரண்டு மாதத்துக்கு 3 கிலோவாட்டுக்கு 720, 4 கிலோவாட்டுக்கு 960. முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம். எனவே 4 போதும், இடமிருந்தால் 5. பிரதமர் சூரிய வீடு திட்ட மானியம் 3 கிலோவாட்டிலேயே 78,000 ரூபாயோடு நின்றுவிடும், அதற்கு மேல் போடுவது முழுக்க உங்கள் கைக்காசு. மானியம் வேண்டுமென்றால் பேனல் டி.சி.ஆர் வகையாக, அதாவது உள்நாட்டிலேயே தயாரித்ததாக இருக்க வேண்டும், கொட்டேஷனில் அந்த வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள்.

பேட்டரி விஷயத்துக்கு வருவோம். நெட் மீட்டர் வைத்துவிட்டால் பகலில் மிஞ்சுவது லைனுக்குப் போய் கணக்கில் ஏறும், ராத்திரி எடுப்பது அதில் கழியும், இந்த பில்லில் மிஞ்சினால் அடுத்த பில்லுக்குப் போகும். வீட்டு இணைப்புக்குப் பகலுக்கு ஒரு விலை இரவுக்கு ஒரு விலை என்றும் இங்கே இல்லை. அப்படியிருக்க, பகல் கரண்டைப் பேட்டரியில் ஏற்றி, அதை இறக்கி, மறுபடி கார் பேட்டரியில் ஏற்றினால் வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வீணாகும். 10 யூனிட்டை முழுசாகக் காலி செய்தாலும் 70 கிலோமீட்டர் தேறாது, வீட்டுக்கும் மிச்சம் இருக்காது. பேட்டரி வாங்குவது கரண்ட் போனால் ஃபேன் சுற்றத்தான்.

சிங்காநல்லூர்வாசி:
அப்போ கரண்ட் போனால் பகலில் சோலார் ஓடும்தானே?

லைன்மேன்மகன்:
ஓடாது. இதைக் கேட்டு அதிர்ச்சி அடையாத ஆளே இல்லை. பேட்டரி இல்லாமல் இபி லைனோடு மட்டும் சேர்ந்து ஓடும் சாதா ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் இல்லையென்றால் உச்சி வெயிலிலும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவர் மீது உங்கள் வீட்டுக் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காகத்தான் அப்படி. உங்கள் ஏரியாவில் அரைமணி ஒருமணி போய் வருவதுதான் வழக்கம் என்றால் பழைய இன்வெர்ட்டரே தாராளம், ஆன்-கிரிட் சோலாரைத் தனியாகப் போடுங்கள். நீண்ட நேரம் போகுமென்றால் மட்டும் ஹைப்ரிட், 5 யூனிட் எல்.எஃப்.பி (லித்தியத்தில் ஒரு வகை) பேட்டரி. அதிலும் பேக்கப் லைனில் லைட், ஃபேன், ஃப்ரிட்ஜ், வைஃபை மட்டும். கார் பாயின்ட், கீசர், மோட்டார் மூன்றையும் கண்டிப்பாக வெளியே வையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போன நேரத்தில் கார் பாட்டுக்கு 3 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும், ஒன்று ட்ரிப் ஆகும், இல்லை இரண்டு மணி நேரத்துக்குள் பேட்டரி காலி.

கார் பாயின்ட்டை மட்டும் இப்போதே சரியாகச் செய்துவிடுங்கள். ஏசிக்குப் போன பழைய வயரில் சொருக வேண்டாம், ஏழெட்டு மணி நேரம் விடாமல் 15 ஆம்பியர் ஓடினால் பிளக் சுட ஆரம்பித்துவிடும். மீட்டர் பலகையிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்.எம் வயர், லோடு மீறினால் அணையும் தனி எம்.சி.பி, கரண்ட் கசிந்தால் அணையும் ஆர்.சி.சி.பி. எர்த் சரியில்லை என்றால் காரோடு வரும் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்து கிடந்து, கார்க்காரர்கள் சர்வீஸ் சென்டரைத் திட்டுவதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கரணை:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, அந்த மாதிரி நேரத்துக்கு எந்த வீட்டுப் பேட்டரியும் பத்தாது. வி2எல் (கார் பேட்டரியிலிருந்து வெளியே கரண்ட் எடுக்கும்) வசதி உள்ள காராகப் பாருங்கள், புது நெக்ஸான் இ.வி.யில் இருக்கிறது, காரிலிருந்தே எக்ஸ்டென்ஷன் இழுத்து ஃப்ரிட்ஜும் ஃபேனும் ஓட்டலாம். (கார் தண்ணீரில் மூழ்காமல் இருந்தால்!) ஆனால் அந்த வயரை வீட்டு சாக்கெட்டில் சொருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுக்கிறேன் என்று கிளம்பாதீர்கள், மேலே லைன்மேன்மகன் சொன்ன ஆபத்து அப்படியே இதற்கும் உண்டு.

மொட்டைமாடி:
மறந்துவிட்டேன், சாங்ஷன் லோடு, அதாவது உங்கள் இணைப்புக்கு இபி அனுமதித்த கிலோவாட், எவ்வளவு என்று இபி அட்டையில் பாருங்கள். சோலாரும் சுவரில் மாட்டும் 7 கிலோவாட் கார் சார்ஜரும் வருமென்றால் லோடு கூட்ட வேண்டியிருக்கும், அதற்குத்தான் நாள் பிடிக்கும், ஆகவே முதல் வேலை அது. பேனலை போர் தண்ணீரில் கழுவாதீர்கள், கோவை உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாகப் படிந்து பிறகு தேய்த்தாலும் போகாது. விடிகாலையில், சிறுவாணித் தண்ணீரில்.