புதுப்பிப்பு: டெலீட் டூலுக்கு விளக்கம் எழுதிய கதை

போன வாரம் நான் கேட்டது இதுதான்: ஏஐ ஏஜென்ட்டுகள் (சொன்ன வேலையைத் தாமே செய்யும் ஏஐ நிரல்கள்) கூப்பிட்டுப் பயன்படுத்த நான் எழுதிய டாஸ்க் டூலில் "முடிந்ததையெல்லாம் ஒதுக்கி வை" என்றால், ஏஜென்ட் அவற்றை அழித்தே விடுகிறது. எந்த டூலை எப்போது கூப்பிடுவது என்று ஏஜென்ட் படித்துப் பார்க்கும் விளக்கத்தில் என்ன எழுதுவது?

தப்பு என்னுடையதுதான். டெலீட்டுக்கு நான் எழுதியிருந்தது ஒரே வரி: "டாஸ்க்கை நீக்கும்." மனிதர் என்றால் சிவப்புப் பொத்தானைப் பார்த்துக் கொஞ்சம் தயங்குவார். ஏஜென்ட்டுக்கு ஏது பொத்தான்? அந்த ஒரு வரிதான் எல்லாம்.

இப்போது விளக்கம் "நிரந்தரமாக அழிக்கும், மீட்க முடியாது" என்றே தொடங்குகிறது. அடுத்து, எப்போது கூப்பிடக் கூடாது: வேலை முடிந்திருந்தால் நிலையை மாற்று, கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்றால் ஆர்க்கைவ் செய். அதிகம் உதவியது இந்த வரிதான். துணை டாஸ்க்குகளும் சேர்ந்தே போகும் என்பதையும் சேர்த்தேன். எழுதும்போதுதான் எனக்கே அது உறைத்தது.

எம்சிபியில் (ஏஐயையும் டூல்களையும் இணைக்கும் பொது நெறிமுறை) 'டிஸ்ட்ரக்டிவ்ஹின்ட்', அதாவது 'இந்த டூல் எதையாவது அழிக்கலாம்' என்ற குறிப்பை, ட்ரூ என்று வைக்கச் சொன்னீர்கள். வைத்தேன். ஆனால் அது வெறும் குறிப்பு, பூட்டு அல்ல. க்ளையன்ட் (ஏஜென்ட்டை டூலோடு இணைக்கும் செயலி) மதித்தால் உண்டு. அதனால் ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க்கின் ஐடியை மட்டும் தந்து அழிக்கலாம் என்று மாற்றிவிட்டேன்.

ஒன்று பாக்கி. அழித்த ஐடியையே மறுபடி அனுப்பினால்? இணையத்தின் எச்டிடிபி நெறிமுறையில் டெலீட் இடெம்போடென்ட்தான் (எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றே), இரண்டாம் முறை 404 ('காணவில்லை' என்ற பிழை) வந்தாலும் குற்றமில்லை. ஆனால் பிழையைப் பார்த்ததும் ஏஜென்ட் வேறு ஐடியைத் தேடிக் கிளம்பிவிடுகிறது! சரி, இப்போதைக்கு "ஏற்கெனவே நீக்கப்பட்டது" என்றே பதில் தருகிறேன்.