பழைய இசைத்தட்டின் எண்ணைப் படிக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

ஜாஸ் எக்காளக் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டு எனக்கு உயிர். இத்தனை நாளும் மறுபதிப்பில்தான் கேட்டு வந்தேன். போன வாரம் ஒரு பழைய தட்டு கைக்கு வந்தது. முதல் பக்கம் ஒரு இழை சுருதி ஏறி ஒலிக்கிறது. காரணம் தெரியும்: 1959 ஒலிப்பதிவில் டேப் மெஷின் மெதுவாக ஓடியதால், அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டி எடுத்த பழைய தட்டுகளில் அந்தப் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் சற்று வேகமாக வரும். 1992இல்தான் திருத்தினார்கள். ஆனாலும் எக்காளத்தின் மூச்சு பழையதில்தான் நெருக்கமாகக் கேட்கிறது.

லேபிளில் ஆறு கண் சின்னம் (கொலம்பியா நிறுவனத்தின் அந்தக் கால அடையாளம்) இருக்கிறது. பள்ளங்கள் முடிந்து லேபிள் தொடங்கும் வெற்றிடத்தில், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் எண்கள் தெரிகின்றன. எண்ணின் கடைசியில் வரும் வால் எழுத்து மட்டும் மங்கல். அதை வைத்துத்தானே எந்த வெட்டு (எந்த மூலத்தட்டிலிருந்து அச்சானது) என்று சொல்ல முடியும்? தட்டைக் கீறாமல் அதை எப்படிப் படிப்பது?

இன்னொன்று: இசை தணிந்து ஒலிக்கும் இடங்களில் பொரிகிற மாதிரி சத்தம் வருகிறது. தூசியா, தேய்மானமா, எப்படிப் பிரித்தறிவது?

மறுபதிப்பே மேல் என்று தோன்றிய தட்டு உங்களிடம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், அவசியம் கேட்கிறேன்.