ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி எப்போது? வேலூர்ப் பெற்றோர் சொல்லுங்கள்

பள்ளிகொண்டா அப்பா
2021 ஆகஸ்ட் 25, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கொரோனாவால் மூடிய பள்ளிகளில் செப்டம்பர் 1 முதல் 9, 10, 11, 12 ஆம் வகுப்புகளைத் திறக்கிறார்கள். பாதிப் பிள்ளைகள் ஒரு நாள், மீதிப் பாதி மறுநாள். நல்ல விஷயம். நான் கேட்பது சின்னப் பிள்ளைகளைப் பற்றி.

என் மகள் இரண்டாம் வகுப்பு. இன்று வரை வகுப்பறையில் உட்கார்ந்ததே இல்லை. 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். பெயர் பதிவேட்டில் ஏறியது, புத்தகம் வந்தது, சீருடையும் தைத்தோம். ஒரு நாள்கூடப் போட்டுக்கொண்டு போகாமலே அந்தச் சீருடை அவளுக்குச் சின்னதாகிவிட்டது. நேற்று கடையில் உட்கார வைத்து 'கூ' எழுதச் சொன்னேன். 'கு' வரை வந்துவிட்டு, வாலை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்க்கிறாள். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். கையைப் பிடித்து எழுத வைக்கத் தெரிகிறது. ஆனால் அடுப்பில் தோசை இருக்கிறது, வாசலில் ஆள் நிற்கிறார். எவ்வளவு நேரம் சொல்லிக்கொடுக்க முடியும்?

திங்கட்கிழமை முதல் தியேட்டர்கள் பாதி இருக்கையோடு ஓடுகின்றன. நம் மாவட்டத்தில் டாஸ்மாக் ஜூன் 14 அன்றே திறந்தது. கடைகள் இரவு 10 மணி வரை இருக்கலாம். எதையும் மூடச் சொல்லவில்லை, என் டிபன் கடை ஓடுவதும் இந்தத் தளர்வால்தான். வரிசையில் குழந்தைகளைக் கடைசியில் நிறுத்தியது ஏன் என்றுதான் கேட்கிறேன். காட்பாடியில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் சித்தூர். அங்கே 16 ஆம் தேதியே ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்துவிட்டது.

---

சத்துவாச்சாரி தாத்தா
ஆகஸ்ட் 25, இரவு 10.15

தம்பி, எனக்கு 68 வயது, சர்க்கரை இருக்கிறது. மே மாதம் எங்கள் தெருவில் மூன்று வீட்டில் சாவு. தூக்கிப் போக ஆள் கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது என்கிறார்கள், சரி. அந்தப் பிள்ளை சாயங்காலம் ஓடி வந்து உட்காருவது என் மடியில்தான். என்னையும் கணக்கில் சேர்த்துப் பேசுங்கள்.

---

வேலூர் செவிலியர்
ஆகஸ்ட் 26, காலை 6.50

நைட் டியூட்டி முடிந்து எழுதுகிறேன். சீருடையைப் பற்றிப் படித்தபோது கஷ்டமாக இருந்தது, அண்ணா. ஆனாலும் உங்கள் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

மே மாதம் முழுக்க கொரோனா வார்டில் இருந்தேன். மாநிலத்தில் ஒரு நாள் தொற்று 36 ஆயிரத்தைத் தாண்டிப் போன மாதம் அது. ஒரு பாட்டியைக் கொண்டுவந்தார்கள். விரலில் மாட்டிய ஆக்சிஜன் அளவுக் கருவி 82 காட்டியது. வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டேன். பேரனுக்கு வந்தது, பக்கத்துத் தெருவுக்கு டியூஷன் போனான், ஒரே நாளில் சரியாகிவிட்டது என்றார்கள். பாட்டி வீடு திரும்பவில்லை. அந்தப் பையனுக்கு 9 வயது. என்னால்தானா என்று அவன் பெரியவனான பிறகு கேட்பானே, அவனுக்கு யார் பதில் சொல்வது?

பள்ளியில் பரவவே பரவாது என்று யாரும் சொல்லாதீர்கள். இந்த மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டம் அம்மாபேட்டையில் ஒரே பள்ளியில் 50க்கும் மேற்பட்ட மாணவிகளுக்குத் தொற்று வந்தது. அதன் பிறகு 9, 10, 11 ஆம் வகுப்புகளை மறுபடி மூடினார்கள். கேரளாவில் நேற்று ஒரே நாளில் 31 ஆயிரம் பேர். கோவிஷீல்டு இரண்டாவது ஊசிக்கு 84 நாள் காத்திருக்க வேண்டும், நம் மாவட்டத்தில் இன்னும் நிறையப் பேர் அந்தக் காத்திருப்பில் இருக்கிறார்கள். தீபாவளி போகட்டும், வீட்டுப் பெரியவர்களுக்கு இரண்டு ஊசியும் முடியட்டும். அப்புறம் சின்ன வகுப்புகளைப் பற்றிப் பேசலாம்.

---

பள்ளிகொண்டா அப்பா
ஆகஸ்ட் 26, காலை 8.05

சிஸ்டர், உங்களை மாதிரி ஆட்கள் இல்லையென்றால் என் அண்ணன் இன்று உயிரோடு இல்லை. அதனால் மரியாதையோடுதான் கேட்கிறேன். நீங்கள் சொன்ன பையன் பள்ளிக்குப் போய் நோய் கொண்டுவரவில்லையே. பள்ளி மூடியிருந்தபோது டியூஷனுக்குப் போனான். எங்கள் ஊரிலும் அப்படித்தான். பத்துக்குப் பத்து அறையில் 15 பிள்ளைகள், ஜன்னல் இல்லை, முகக்கவசம் இல்லை, கேட்பாரும் இல்லை. காசு இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த அறையாவது கிடைக்கிறது. மற்றவர்கள் தெருவில்.

ஜூலை 20 அன்று ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவர் பல்ராம் பார்கவா சொன்னதையும் பாருங்கள். நாடு முழுக்க ரத்தப் பரிசோதனை செய்ததில் 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே எதிர்ப்புப் பொருள் உண்டாகியிருக்கிறது. அதாவது வீட்டிலேயே வைத்திருந்தும் பாதிக்கு மேல் தொற்று வந்து போய்விட்டது. ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஊசி போட்டுவிட்டுத் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறக்கலாம் என்பதுதான் அவர் சொன்னது. நாம் தலைகீழாகச் செய்கிறோம்.

---

வேலூர் செவிலியர்
ஆகஸ்ட் 26, காலை 8.30

> பாதிக்கு மேல் தொற்று வந்து போய்விட்டது

மீதி 43 சதவீதம்? அதே நாளில் அவர் இன்னொன்றும் சொன்னார்: நாட்டில் 40 கோடிப் பேருக்கு இன்னும் எதிர்ப்புப் பொருள் இல்லை. அந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள், அண்ணா.

டியூஷன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதை நான் யோசிக்கவில்லை.

---

குடியாத்தம் தறிக்காரர்
ஆகஸ்ட் 26, காலை 11.20

நான் லுங்கி நெய்கிறவன். பள்ளி திறப்பதா வேண்டாமா என்பது டாக்டர்கள் பாடு. எனக்கு ஒரே பயம், மறுபடி மூடுவது.

2020 ஏப்ரலில் எங்கள் பக்கம் ஆந்திர எல்லையில் சைனகுண்டாவில் சாலைக்குக் குறுக்கே சுவரே எழுப்பினார்கள். சில நாளில் இடித்தார்கள், அது வேறு கதை. அந்த வருஷம் தறி எத்தனை மாதம் நின்றது என்று எனக்குத்தான் தெரியும். இந்த வருஷம் மே மாதம் தறியில் பாவு நூல் ஏற்றி முடித்த மறுவாரம் முழு ஊரடங்கு. நூலுக்குக் கடன், வட்டி ஓடுகிறது, தறி ஓடவில்லை. எடுத்து வைத்திருந்த சரக்கை வியாபாரி வேண்டாம் என்றுவிட்டார். இப்போதுதான் பண்டிகை ஆர்டர் வருகிறது. பள்ளியைத் திறந்து, தொற்று ஏறி, மறுபடி எல்லாவற்றையும் மூடினால் நாங்கள் எழுந்திருக்க மாட்டோம். அப்பன் சம்பாதித்தால்தானே பிள்ளை படிக்கும்? இரண்டு மாதம் பொறுங்கள்.

---

காட்பாடி டீச்சர்
ஆகஸ்ட் 26, மாலை 5.10

அரசு தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் இரண்டு அறை, ஐந்து வகுப்பு. அதனால் எனக்கு இது வெறும் விவாதம் இல்லை, நாளைக்கே திறக்கச் சொன்னால் யாரை எங்கே உட்கார வைப்பது என்கிற கேள்வி.

என்னால் முடியும் என்றுதான் சொல்வேன். பள்ளிக்கூடத்துப் புங்க மரத்தடியில் 20 பிள்ளைகள் தள்ளித் தள்ளி உட்காரலாம். காலையில் இரண்டு மணி நேரம் ஒரு கூட்டம், மறுநாள் இன்னொரு கூட்டம். மழைக்காலம் வருவதற்குள் தொடங்கினால் இது நடக்கும். செவிலியர் மேடம் சொல்கிற மாதிரி தீபாவளி வரை காத்திருந்தால் மழை வந்துவிடும், எல்லாரையும் அறைக்குள் அடைக்க வேண்டியிருக்கும். காற்றோட்டம் முக்கியம் என்று நீங்கள்தானே எங்களுக்குச் சொல்கிறீர்கள்?

சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுக்கிறோம். பெற்றோர் பையோடு வந்து வாங்கிப் போகிறார்கள். அது வீட்டில் எல்லார் வயிற்றுக்கும் பிரிந்துவிடுகிறது. மதியம் பள்ளியில் உட்கார்ந்து முட்டையோடு சாப்பிட்டதுபோல் ஆகுமா?

போன மாதம் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போனேன். நான்காம் வகுப்பில் என்னிடம் படித்த பையன் ஒரு கடையில் எலுமிச்சம்பழம் எண்ணிக்கொண்டிருந்தான். இரண்டு கையாலும் ஐந்தைந்தாக அள்ளி, அவ்வளவு வேகம். என்னைப் பார்த்ததும் எண்ணிக்கை விட்டுப்போய், முதலிலிருந்து எண்ணினான். எப்போது பள்ளிக்கு வருவாய் என்று கேட்டேன். "அப்பாவைக் கேட்கணும் டீச்சர்" என்றான். தொற்றுக் கணக்கைப் போல இந்தப் பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தினமும் மாலை யாரும் அறிவிப்பதில்லை. தறிக்கார அண்ணா, நீங்கள் கேட்கிற இரண்டு மாதத்தில் இன்னும் எத்தனை பேர் வேலையில் பழகிப்போவார்களோ, அந்தப் பயம் எனக்கு.

---

பீஞ்சமந்தை தம்பி
ஆகஸ்ட் 26, இரவு 7.45

மேலே எழுதிய யாரும் மலையைப் பற்றிச் சொல்லவில்லை. ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் சிக்னல் வேண்டுமென்றால் பாறை மேல் ஏற வேண்டும். வாட்ஸ்அப் வகுப்பு, கூகுள் மீட் எல்லாம் கீழே இருப்பவர்களுக்கு. கல்வித் தொலைக்காட்சி சில வீட்டில் வருகிறது, கரண்ட் போனால் அதுவும் இல்லை.

எங்கள் ஊரில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லாத மாதங்களிலும் பள்ளி பூட்டித்தான் கிடந்தது. வேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எழுதிய சட்டம் எங்களுக்கும் அதேதான். ஊர் ஊராகப் பார்த்து முடிவெடுக்க முடியாதா? தொற்று வந்தால் அந்தப் பள்ளியை மட்டும் இரண்டு வாரம் மூடுங்கள். மாவட்டம் முழுக்க, மாநிலம் முழுக்க ஒரே பூட்டு எதற்கு?

---

குடியாத்தம் தறிக்காரர்
ஆகஸ்ட் 26, இரவு 8.20

தம்பி சொல்கிற மாதிரி அந்தப் பள்ளியை மட்டும் மூடுவார்கள், என் தறியை நிறுத்த மாட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கே திறக்கட்டும். யார் எழுதிக் கொடுப்பார்கள்?

---

சத்துவாச்சாரி தாத்தா
ஆகஸ்ட் 26, இரவு 8.40

டீச்சரம்மா, மரத்தடியில் என்றால் நான் அனுப்பச் சொல்வேன். நான் படித்ததும் அப்படித்தான். ஆனால் பேரன் படிப்பது ஆங்கிலப் பள்ளி. அங்கே மரமும் இல்லை, ஒரு வேனில் 20 பிள்ளைகளை ஏற்றுவார்கள். அந்த வேனை நினைத்தால்தான் பயம்.

---

வேலூர் செவிலியர்
ஆகஸ்ட் 27, காலை 7.15

டீச்சர், மழைக்காலம் பற்றி நீங்கள் சொன்னது ராத்திரி முழுக்க மனதில் இருந்தது. திறந்தவெளியில், 20 பேருக்குள், இரண்டு மணி நேரம் என்றால் என் எதிர்ப்பு பாதி குறைகிறது. வேனுக்கும் மூடிய அறைக்கும் இன்னும் வேண்டாம் என்றே சொல்வேன். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிள்ளையை அனுப்பும் வீட்டில் ஊசி போடாத பெரியவர் இருக்கக் கூடாது. உங்கள் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டில் போடாதவர்கள் யார் யார் என்று ஒரு கணக்கு எடுத்துக் கொடுங்கள். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத் தோழிகளிடம் சொல்லி, முகாமை உங்கள் பள்ளி வாசலிலேயே போடக் கேட்கிறேன்.

---

காட்பாடி டீச்சர்
ஆகஸ்ட் 27, காலை 7.40

இன்றே வீடு வீடாகப் போகிறேன், மேடம். பாதிப் பேர் ஊசிக்குப் பயந்து பின்வாசல் வழியாகப் போய்விடுவார்கள். டீச்சர் வந்தால் உட்காருவார்கள், பார்க்கலாம்.

---

பேரணாம்பட்டு அம்மா
ஆகஸ்ட் 27, மதியம் 1.30

பக்கத்து வீட்டுப் பெண் எல்லாவற்றையும் படித்துக் காட்டினாள். நான் சொல்வதை அவள் எழுதுகிறாள். நான் பீடி சுற்றுகிறேன். என் பையன் மூன்றாம் வகுப்பு. முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடியின் நுனியை மடித்துக் கொடுக்கிறான். முதலில் விளையாட்டாகச் செய்தான். இப்போது என்னைவிட வேகமாக மடிக்கிறான், தூள் நெடியில் தும்முகிறான். வேண்டாம் என்று எழுப்பிவிட்டால் வேறு எங்கே போவான்?

எனக்கு இரண்டு ஊசியும் போட்டாச்சு. மாமியாருக்கும் போட்டாச்சு. டீச்சர், எங்கள் ஊர்ப் பள்ளியிலும் வேப்ப மரம் இருக்கிறது. அந்த மரத்தடியில் உட்கார வைக்க யாரிடம் மனு கொடுக்க வேண்டும்?