புதுப்பிப்பு: என் முகப்புப் படத்தில் உள்ள பீரங்கி

முக்குளிப்பவர்களே, உங்கள் முகப்புப் படத்தின் கதை என்ன என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஒரு சகோதரியின் படத்தில் இருப்பது மறைந்த அப்பாவின் முக்குளிப்பு முகக்கவசமாம். கண்ணாடியில் கீறல்கூட அப்படியே இருக்கிறது. அதைப் படித்தபின் என் கதையைச் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை.

பாசி மூடிய அந்தப் பீரங்கி, மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலுடையது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கி. முந்நூறு பேருக்குமேல் மாண்டார்கள். ஐம்பது மீட்டர் ஆழத்தில் சில நிமிடங்களே தங்கினேன். பீரங்கிக் குழாயின் வாய்க்குள் குட்டி மீன்கள் புகுந்து புகுந்து வெளிவந்தன.

அன்றைய வெடிச்சத்தத்தைக் கரையில் நின்று கேட்டவர் என் தாத்தா. நேற்று அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.